நடராசனுக்கு இடம் கிடைத்த கதை

தம்பி நடராசா,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. அம்மா ஏன் இன்னும் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக இருக்கிற பதினாறு வீட்டில் யார் வந்து கேட்டாலும் பத்து நிமிஷத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். சுகம் விசாரித்து, மழை தண்ணீர் விசாரித்து, மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை குத்தலாக எழுதச் சொன்னால் அதையும் கொஞ்சம் பதமாக மாற்றி எழுதி, உறையை ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். உனக்கென்று உட்கார்ந்தால் மட்டும் நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உன் அப்பா பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் எழுதுறவ, பெத்த மகனுக்கு எழுதத் தெரியாம முழிக்கிறா" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கென்ன, கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுகிற மனிதர்.

பெண் வீட்டைப் பற்றி நீ எழுதியது எல்லாம் எங்களுக்குச் சந்தோஷம். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம். இனி உன் கடிதத்தில் இருக்கிற பிழைகளைத் திருத்த ஒருத்தி வந்துவிட்டாள். ஆனால் கல்யாணத் தேதிக்குக் கீழே, இடம் போதாமல் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். "சித்தப்பா இங்கே வந்தபோது சொன்னார். என் பிறப்புப் பத்திரத்தைக் காட்டியதால்தான் நம் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்காமல் போயிற்றாம். நிஜமா அம்மா? என்னாலா?" என்று கேட்டிருக்கிறாய். உன் சித்தப்பா இங்கிருந்து கப்பலேறியபோது குடையை மறந்தார், அம்மிக்கல்லை மறந்தார், எங்களிடம் வாங்கின அண்டாவைத் திருப்பித் தர மறந்தார். இந்தக் கதையை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் பாதிக் கதை. மீதிப் பாதி நம் வீட்டு நாலு பேருக்கு மட்டும் தெரியும். கல்யாணம் முடித்து ஒரு குடும்பம் நடத்தப் போகிறவன் நீ. இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மணவறையில் உட்காரக் கூடாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் உன்னைச் சுமந்திருந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகி இந்த அக்கரப்பத்தனைக் குளிருக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று என் அப்பா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். இந்த மலையிலிருந்து அப்படிப் போன பெண்கள் எத்தனையோ பேர். கடல் தாண்டுகிறோம் என்றே யாரும் நினைக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரிதான் போனோம். உன் அப்பா தலைமன்னார் வரைக்கும் கூட வந்து கப்பல் ஏற்றிவிட்டார். நாலைந்து மாதத்தில் திரும்பிவிடுவதாகப் பேச்சு. நீ பிறந்தாய். பிறந்த மூன்றாம் மாதம் உனக்கு இழுப்பு வந்தது. அது அடங்குவதற்குள் ஊரில் அம்மை வந்தது. இரண்டு தரம் பெட்டி கட்டி இரண்டு தரம் அவிழ்த்தோம். நாலு மாதம் என்று போனவள் பதினாலு மாதம் கழித்து உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். உன் அப்பா உன்னைப் பார்த்ததும் முதலில் சொன்ன வார்த்தை, "இவ்வளவு பெருசாவா பொறந்தான்?"

புறப்படும்போது என் அப்பா ஒரு காகிதத்தைக் கொடுத்தார். கிராம முன்சீப்பிடம் நடந்து நடந்து வாங்கின நகல். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், கிராமம், முசிறித் தாலுக்கா, திருச்சி ஜில்லா என்று எல்லாம் எழுதி முத்திரை குத்தியிருந்தது. அதை என் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். அவ்வளவுதான். பல வருஷத்துக்கு அதை நினைக்கவே இல்லை.

பிறகு இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. நமக்கு இருந்த ஓட்டு போயிற்று. நாம் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்தது. அடுத்தாற்போல், இத்தனை வருஷமாக இங்கேயே தொடர்ந்து குடியிருந்தவர்கள் மனுப் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. மனு எழுதத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் எத்தனை பேர்? வேலை முடிந்து வந்ததும், கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து நான்தான் எழுதினேன். தொழிற்சங்கத்துப் பையன் ஒருவன் இங்கிலீஷில் நிரப்புவான். நான் ஒவ்வொரு வீட்டுக் கதையையும் கேட்டு வரிசைப்படுத்தி அவனுக்குச் சொல்வேன். மனைவி, பிள்ளைகள் நாட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் மனு நிற்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெரிய சாவுக்குப் போனவர்கள், நேர்த்திக்கடனுக்குப் போனவர்கள், என்னைப் போல் பிள்ளை பெறப் போனவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, "அத எழுத வேணாம் தங்கச்சி, விட்டுரு" என்றார்கள். நான் விட்டேன். நம் வீட்டு முறை வந்தபோதும் விட்டேன். "மூத்த மகன் நடராசன், இதே தோட்டத்தில் பிறந்தவன்" என்று என் வாயால்தான் சொன்னேன். அப்போது உனக்குப் பதினொரு வயசிருக்கும், பக்கத்தில் நின்று மரத்தில் கல்லெறிந்துகொண்டிருந்தாய். எல்லாரும் செய்ததைத்தான் செய்தேன். பயத்தில் செய்தேன். ஆனாலும் அது பொய். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

இனி உன் கதை. உனக்கு எட்டு வயசாக இருந்தபோது தேயிலைக் கொழுந்தில் புதுசாக ஒரு நோய் வந்தது. இளம் இலையில் கொப்புளம் கொப்புளமாகப் போட்டது. மலைக்கு மலை பரவி, கூடைக்கு வர வேண்டிய கொழுந்து கருகிப் போனது. பெரிய துரையிலிருந்து கணக்கப்பிள்ளை வரைக்கும் எல்லார் முகமும் செத்துப் போயிருந்தது. நீ மட்டும் அந்த இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, முள்ளால் கொப்புளத்தைக் கீறி, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று தேடினாய். பூச்சி இல்லை. "பூச்சி இல்லாம எப்படிம்மா நோவு வரும்?" என்று என் உயிரை எடுத்தாய். எனக்கு என்ன தெரியும்? "காலையில பேர் போடுற பெரட்டுக்களத்துல தொரைகிட்டப் போய்க் கேளு" என்றேன். நிஜமாகவே போய்க் கேட்டாய். துரை உன்னைத் திட்டவில்லை, சிரித்துக்கொண்டு ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாதான் மூன்று நாள் துரை கண்ணில் படாமல் சுற்று வழியாக வேலைக்குப் போனார். அன்றைக்கு நான் உன்னை அடித்தேன். அடித்த கையோடு உள்ளே போய், துரையிடம் கேள்வி கேட்ட பிள்ளை என் பிள்ளை என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதை உனக்கு இன்றுதான் சொல்கிறேன்.

ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், விடுதியில் தங்கினாய், படித்தாய். நாங்கள் படிக்கவைத்தோம் என்று ஊரில் சொல்லுவார்கள். நாங்கள் குறுக்கே விழாமல் இருந்தோம், அவ்வளவுதான். பெரிய பரீட்சை மார்க் வந்ததும் உங்கள் விஞ்ஞான மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்து மனிதர். நிமிர்ந்த நடை, மடிப்புக் கலையாத சட்டை. இந்தியாவில் கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த அந்த விவசாயக் கல்லூரியின் விவரப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பயிருக்கு வருகிற நோயைப் பற்றி அங்கே பட்டம் படிக்கலாம் என்று நீ அந்தப் புத்தகத்தைத் தடவிக்கொண்டே நின்றாய்.

மாஸ்டர் ஒளித்துப் பேசவில்லை. "உவன் கெட்டிக்காரன் எண்டதில சந்தேகமில்லை. ஆனா இடம் கிடைக்கிறது வேற கதை அம்மா. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு அங்க ஒண்டோ ரெண்டோ இடந்தான். அதுக்கு மலாயா, பர்மா எண்டு எல்லா இடத்திலயும் இருந்து எழுதுவினம். பத்தில ஒரு பங்குகூட நான் சொல்ல மாட்டன்" என்றார்.

"இங்கேயே படிச்சா என்னாங்க?" என்று உன் அப்பா கேட்டார்.

"படிக்கலாம். படிச்சு முடிச்சாலும் பிரஜாவுரிமை இல்லாமல் அரசாங்க உத்தியோகம் எடுக்கேலாது. உங்கட மனு எப்ப முடியுமெண்டு ஆருக்குத் தெரியும்?" மாஸ்டர் புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஒன்று சொன்னார். "அந்த மாகாணத்தில பிறந்த பிள்ளையெண்டால் நிறைய இடமிருக்கு. இந்த மார்க்குக்கு நான் இண்டைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பன்."

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நீ எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, மூடின புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "கெடைக்குமாம்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? "கெடைக்காதுப்பா. மாஸ்டரே சொல்லிட்டாரு. நம்மளுக்கு எட்டாததுக்கு ஆசப்படக் கூடாது. தேயில ஸ்டோர்ல கிளாக்கர் வேல கேட்டுப் பாப்போம்" என்றேன். பெட்டியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். நீ மறுபேச்சுப் பேசாமல், "சரிம்மா" என்றாய். ஏன் எதற்கு என்று துரையையே கேட்ட பிள்ளை, என்னிடம் ஒன்றும் கேட்காமல் சரி என்று சொன்னதுதான் என்னைப் போட்டு வதைத்தது. நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும். உன் பயத்துக்காக அதன் சாத்தியத்தைக் குறைத்துச் சொல்லாதே. தெரியாது என்றால் தெரியாது என்று சொல். முடிந்த ஒன்றை முடியாது என்று சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு போடுவது பெரிய கொடுமை. நான் எட்டு நாள் போட்டேன்.

அந்த எட்டு நாளும் எனக்குள் நடந்த வழக்கு இதுதான். நீ அங்கே பிறந்தவன் என்று கல்லூரிக்குக் காட்டினால், நான் இங்கே எழுதிக் கொடுத்தது பொய்யென்று ஒரு நாள் வெளியில் வரலாம். வந்தால் உனக்கு மட்டும் போகாது. உன் அப்பாவுக்கு, எனக்கு, பாக்கியத்துக்கு, செல்வத்துக்கு, எல்லாருக்கும் ஒரே மனு, எல்லாருக்கும் போகும். உன் தங்கையும் தம்பியும் இங்கேதான் பிறந்தார்கள், அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். மூன்று பிள்ளை பெற்றவள் ஒரு பிள்ளைக்காக இரண்டு பிள்ளைகளின் உரிமையைக் கொண்டுபோய் வைப்பதா? கொழுந்து எடுக்கிற கை தானாக எடுத்துக்கொண்டிருந்தது, மனசு மலையில் இல்லை. கணக்கப்பிள்ளை என் கூடையை நிறுத்துவிட்டு, "என்னா, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா லயத்துக்குப் பின்னால் கோவாப் பாத்திக்கு, அங்கே நீங்கள் முட்டைக்கோசு என்கிறீர்களே அதற்கு, மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, "அந்தப் பத்திரத்தக் குடுத்துருவோம்" என்றேன்.

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "ஒனக்கு என்னா புத்தி கெட்டுப் போச்சா? மத்த ரெண்டும் நம்ம புள்ளைங்க இல்லையா?"

"அதுகளும் நம்ம புள்ளைங்கதான். மனு கெடைக்குதோ கெடைக்கலையோ, இன்னும் யாருக்கும் தெரியாது. இவனுக்குக் கெடைக்கிறது தெரியுது."

"கெடைக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?"

"மாஸ்டரு சொன்னத நீங்களுந்தானே கேட்டீங்க?"

"கேட்டேன், கேட்டேன். நான் என்னா செவுடா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு, "வேணாம்ன்னா வேணாம். பேசாமப் போ" என்றார். நான் பேசாமல் வந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான்.

மறுநாள் சாயந்திரம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தார். கையில் தேயிலைக் குச்சி கிழித்த கீறல். கால் கழுவினார், தேத்தண்ணி குடித்தார். குடித்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் பத்திரத்துல ஏம் பேரு சரியா இருக்கா?"

நான் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து படித்தேன். "தகப்பன் பெயர், கருப்பையா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். "சரி, குடுத்துரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். உன் அப்பாவைப் பற்றி நீ உன் பெண்சாதியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல். நிறையப் பேசுகிற ஆண்கள் எங்கேயும் கிடைப்பார்கள்.

உன் கையில் கொடுத்தபோது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். "நீ கேட்டியா, நான் சொல்றதுக்கு?" என்று உன் வாயை அடைத்தேன். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நீ போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு நாளும் இதை எங்க வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். நான், "பொட்டியில" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். "இப்ப கேட்டால் பத்துக்கு எட்டுச் சொல்லுவன்" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு நீ தனியாகப் போய்த் தனியாக வந்தாய். ஒன்றரை மாதம் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், தப்பால்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார். நீல முத்திரை போட்ட நீட்டு உறை. நான் கூடையோடு நின்றபடியே பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். ஊருக்கே கடிதம் படித்துச் சொல்லுகிறவளுக்கு என் பிள்ளைக்கு வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. உன் பெயர் இருந்த எழுத்து மட்டும் எனக்குத் தெரியும், நீ சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாய். அதைத் தொட்டுப் பார்த்தேன். கொழுந்தைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். நீ படித்துவிட்டு, "கெடச்சிருச்சும்மா" என்றாய். அவ்வளவு மெதுவாகச் சொன்னாய். நான்தான் கத்தினேன். லயத்தின் பதினாறு காம்பராவும் வெளியே வந்துவிட்டது. உன்னைச் சுற்றி நின்ற சனத்துக்குப் பின்னால், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா அழுதார். நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நீ போனபோது அந்தக் கடிதத்தை என்னிடம் விட்டுப் போனாய். அங்கே காட்ட வேறு பிரதி இருக்கிறது என்றாய். அதை நான் வைத்திருந்த விதத்தை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மடித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, இடுப்புப் பையில் செருகிக்கொண்டே அலைந்தேன். கோயிலில் காட்டினேன், மருந்து வாங்கப் போன இடத்தில் காட்டினேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத சிங்களத்து அம்மாவிடம்கூடக் காட்டினேன். பாக்கியம், "அம்மா, போதும்மா" என்று என் சேலையைப் பிடித்து இழுப்பாள்.

நீ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது மனு விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார்கள். நாலு பேரும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு போனோம். லயத்தில் எல்லாரும் புத்தி சொல்லி அனுப்பினார்கள். "மூத்தவன் எங்கன்னு கேட்டா, படிக்கப் போயிருக்கான், லீவுக்கு வருவான், அம்புட்டுத்தான் சொல்லணும்" என்று உன் சித்தப்பா பத்துத் தரம் சொன்னார். நானும் பத்துத் தரம் தலையாட்டினேன்.

விசாரித்த அதிகாரி சிங்களவர், வயசானவர், கண்ணாடி போட்டிருந்தார். தமிழும் ஓரளவு பேசினார். மரியாதையான மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். உன் அப்பாவிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது, "மூத்த மகன் எங்கே?" என்றார்.

"இந்தியாவுல படிக்கிறாருங்க. லீவுக்கு வருவாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என்ன படிப்பு?"

"விவசாயத்துல பட்டம்ங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "லயத்துப் பையனா? அந்த மாதிரிக் காலேஜில் இடம் எடுக்கிறது கஷ்டமாச்சே. யாராவது பெரிய ஆள் சிபாரிசு பண்ணினாங்களா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆச்சரியத்தில் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "சிபாரிசு ஒண்ணும் இல்லீங்க. எம் புள்ள மார்க்குக்குக் கெடச்சது" என்று சொல்லி, உன் அப்பா என் முழங்கையை இடிக்க இடிக்க, பையிலிருந்து கடிதத்தை எடுத்து, எண்ணெய்த் தாளைப் பிரித்து, அவர் மேசைமேல் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அப்படி நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. மனுவைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். உன் பெயருக்குக் கீழே ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த வரி என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

"பிறந்த இடம், முசிறி தாலுக்கா, திருச்சி ஜில்லான்னு இருக்கு."

இரண்டு வருஷமாக நான் இடுப்பில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்தது அந்த வரியைத்தான். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாக்கியம் என்னைப் பார்த்தாள், செல்வம் அவளைப் பார்த்தான்.

அந்த மனிதரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவர் எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னார். "அம்மா, தோட்டத்துல எத்தனையோ நடராசன் இருக்காங்க. கருப்பையாவும் நிறைய. இது வேற ஒரு நடராசனோட கடிதமா இருக்கலாம். நீங்க தெரியாம எடுத்திட்டு வந்திருக்கலாம். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். உன் அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சொல்லு என்றும் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழகாதவளா நான்? பிள்ளைக் காம்பரா வாசலில் பலகை போட்டு எத்தனை பொய் சொல்லி எழுதவைத்தேன்? நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லிவிட்டால், கொப்புளத்தைக் கீறிப் பார்த்த பிள்ளை, எட்டு நாள் என்னிடம் ஒன்றும் கேட்காத பிள்ளை, அந்த மார்க்கை வாங்கின பிள்ளை, வேறு எவளோ பெற்ற பிள்ளையாகிவிடும். நான் அந்தக் கடிதத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இல்லீங்க. இது எங்க நடராசந்தாங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அத நல்லாச் சுத்தி வையி, நனஞ்சிரப் போவுது" என்றார். மனு தள்ளுபடி என்று நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதுவும் இங்கிலீஷ்தான். செல்வம் படித்துச் சொன்னான்.

இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் பேசி, நம்மைப் பங்கு போட்டிருக்கின்றன. நாங்கள் எந்தப் பங்கில் வருவோம் என்று இன்னும் தெரியாது. பாக்கியம் புருஷனோடு ராகலையில் இருக்கிறாள், அவள் எங்கே போவாள் என்றும் தெரியாது. இதெல்லாம் வலிக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். வலிக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். செல்வம் தலையை ஆட்டிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான். பாக்கியம், "நான் ஒங்க எடத்துல இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா லெட்டர எடுத்திருக்க மாட்டேன்" என்றாள். கெட்டிக்காரி, அவளைப் படிக்கவைக்காமல் விட்டதற்கு நான் இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

ஆக, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். உன் பத்திரத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நீ யாருக்கும் எதையும் கெடுக்கவில்லை. பெருமை தாங்காமல் கடிதத்தை மேசைமேல் வைத்தவள் நான். தப்பிக்க வழி காட்டியபோது வேண்டாம் என்றவளும் நான். அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது, அதில் உனக்குக் கால் பங்குகூடத் தர மாட்டேன். "என்னாலா?" என்று இனி ஒரு தரம் எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன், சொல்லிவிட்டேன். பட்டம் வாங்கினாய், உத்தியோகம் வாங்கினாய், பயிருக்கு வருகிற நோவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாய். கல்யாணத்துக்கு எங்களால் வர முடியுமோ என்னவோ, காகிதம் கிடைத்தால் வருவோம். வராவிட்டால், தாலி கட்டுமுன் உன் பெண்சாதியின் தகப்பனாரிடம் இதை வாசித்துக் காட்டு. மாப்பிள்ளை யார் பிள்ளை என்று யாராவது கேட்டால் அவர் தயங்காமல் சொல்லட்டும். நான் அதிகாரியிடமே சொல்லிவிட்டேன்.

உன் அம்மா